மருதம்பட்டையும் மாத்திரையும்: உன்னிச்சையில் தொடங்கிய ஒரு தேடல்

2007 ஆம் ஆண்டு மார்ச் மாதம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையிலிருந்து மக்கள் சாரி சாரியாக எழுவான்கரைக்கு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஷெல் வீச்சுக்கு அஞ்சி, வயலையும் மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பாலத்தாலும் தோணியாலும் வந்து சேர்ந்தவர்களால் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. எத்தனை குடும்பங்கள், எந்தெந்தக் கிராமங்கள் என்று கணக்கெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது எனது வேலை. குறிப்புப் புத்தகத்துடன் ஒரு பாடசாலைக்குள் நுழைந்தபோது, வகுப்பறைத் தூணில் சாய்ந்தபடி கால் நீட்டி அமர்ந்திருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். என் தாயாரின் ஒன்றுவிட்ட அண்ணன். உன்னிச்சையில் வயல் செய்தவர். எனக்கு மாமா முறை.

அவருடைய கால்கள் இரண்டும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அக்குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் மூன்று இரவுகளாக இருந்தபடியே உறங்குவதாக மாமி சொன்னார். அவருக்கு இதயம் பலவீனம் என்று முன்னரே வைத்தியர்கள் கூறியிருந்தார்கள். கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பையும் வீட்டுக் கூரையில் செருகியபடி உன்னிச்சையிலேயே நின்றுவிட்டன.

"மருந்தை விட்டுட்டா வந்தீங்க மாமா?" என்று கேட்டேன்.

"அது போகட்டும் மருமகன். பட்டை கிடக்கு" என்றவர், மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே, உலர்ந்து சுருண்ட மருதம்பட்டைத் துண்டுகள்.

ஓடிவரும் அவசரத்தில் ஒரு மனிதர் மாத்திரையை மறந்து மரப்பட்டையை எடுத்து வந்திருக்கிறார் என்பது அன்று எனக்குச் சினத்தையே தந்தது. அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். ஆனால் அந்தப் பொட்டலம் என் நினைவைவிட்டு அகலவில்லை. அந்தப் பட்டை மருந்தா, வெறும் நம்பிக்கையா? இவ்வினாவுக்கு விடை தேடிப் பல ஆண்டுகளாக நான் வாசித்தவற்றையும் கேட்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் வைத்தியன் அல்லன், செய்தியாளன். ஆகவே இதனை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளாது, ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே வாசகர்கள் கொள்ளவேண்டும்.

குளமும் மரமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மேற்கே சென்றால் உன்னிச்சையை அடையலாம். ஊரின் பெயரைச் சொன்னதும் மட்டக்களப்பாருக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள பெருங்குளமே. படுவான்கரை வயல்களின் பெரும் பகுதிக்கு நீர் பாய்ச்சுவது அது. இன்று மட்டக்களப்பு நகருக்குக் குடிநீரும் அங்கிருந்தே வருகிறது. மாரியில் அதன் கதவுகள் திறக்கப்படுகின்றன என்ற செய்தி வந்தால் தாழ்நிலக் கிராமங்கள் விழித்திருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இலங்கையின் உலர்வலயத்தில் குளமும் ஆறும் உள்ள இடமெங்கும் மருத மரம் உண்டு. சிங்களத்தில் அதனைக் கும்புக் என்பர். வடமொழியில் அர்ஜுனம். வேர் நீரைத் தொட்டுக்கொண்டிருக்க, வழுவழுப்பான வெளிர் சாம்பல் நிறத் தண்டு கரையில் நிமிர்ந்து நிற்கும். பட்டை தகடு தகடாகத் தானே உரியும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிறைமன் 1893 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலில், மரங்களின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிந்துவைத்தார். பேராதனையில் இருந்த ஆங்கிலேயருக்குக் கூட ஊராரின் பெயர்கள் தேவைப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

தமிழருக்கு இம்மரம் புதிதன்று. வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் என்று பெயர் பெற்றது இம்மரத்தாலேயே. திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமும் மருதே. கிழக்கில் மருதமுனை, வடக்கில் மருதங்கேணி, மருதனார்மடம் என ஊர்ப் பெயர்களிலும் அது வாழ்கிறது. மருதம்பட்டையைச் சுட்ட சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடையாத காட்டோரக் கிராமங்களில் அச்சாம்பலையே தடவிப் போட்டனர். எனவே பட்டையை உரித்துப் பயன்படுத்தும் பழக்கம் மருந்துக்கு மாத்திரம் உரியதன்று. அது அன்றாட வாழ்வின் பகுதி.

பரியாரியாரின் கணக்கு

இதயச் செயலிழப்பு என்னும் நோய்ப் பெயர் பழைய ஏடுகளில் இல்லை. இதயம் நின்றுவிடுவதை இது குறிப்பதில்லை. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க முடியாமல் அது தளர்ந்துவிடுவதையே குறிக்கிறது. இறைப்புக் குறைந்ததும் நீர் பின்தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும், காலில் தேங்கினால் வீங்கும், வயிற்றில் தேங்கினால் வயிறு பெருக்கும். நமது பரியாரியார்கள் கண்டது இந்த வெளிக்குறிகளை. அவற்றுக்குச் சோபை, மகோதரம், இழுப்பு என்று தனித்தனிப் பெயரிட்டுத் தனித்தனியாக மருந்து செய்தார்கள். ஒரே சோபைக்குள் சிறுநீரக நோயும் ஈரல் நோயும் இதய நோயும் கலந்தே இருந்தன. அக்காலத்து ஐரோப்பிய வைத்தியர்களின் நிலையும் இதுவே.

மருதம்பட்டையை இதயத்தோடு நேரடியாகத் தொடர்புபடுத்தியோர் ஆயுர்வேத ஆசிரியர்கள். சுமார் 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் வாக்படர் இதய நோய்க்கு இதனைக் கூறினார். 11 ஆம் நூற்றாண்டில் வங்காளத்து சக்கரபாணிதத்தர் பாலிலும் நெய்யிலும் வெல்லப் பாகிலும் சேர்த்து உண்ணும் முறையை எழுதினார். பாலிலே பட்டையைக் காய்ச்சிக் குடிக்கும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஈழத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் நமக்குக் கிடைத்த பெரும் வைத்திய நூல்கள். பரராசசேகரத்தை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேடித் தொகுத்து அச்சேற்றிய ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் படுவான்கரையில் பரியாரியாரின் அறிவு பெரும்பாலும் ஏட்டிலும் கொப்பியிலும் வாய்மொழியிலுமே கைமாறியது.

மாமா மருந்து வாங்கிய பரியாரியாரை நான் ஒருமுறை சந்தித்திருக்கிறேன். மருதம்பட்டைக் குடிநீர், நீர் பிரிவதற்கு மூக்கிரட்டையும் நெருஞ்சிலும், அவற்றோடு உப்பும் புளியும் தள்ளிய பத்தியம் என்பது அவருடைய முறை. "பட்டை பாதி, பத்தியம் பாதி" என்றார். உப்பைக் குறைக்கவேண்டும் என்று இன்றைய இதய வைத்தியர்களும் இத்தகைய நோயாளிகளுக்குக் கூறுகின்றனர். எவ்வகை நோயாளிக்குக் குணம் கண்டது, யாருக்குக் காணவில்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா எனக் கேட்டேன். சிரித்தார். "சுகமானவங்க வந்து சொல்லுவாங்க தம்பி. சுகமாகாதவங்க எப்படி வந்து சொல்லுவாங்க?"

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும், மருத்துவ வரலாற்றின் மையமான சிக்கல் அந்த ஒரு வாக்கியத்துள் இருக்கிறது.

ஆங்கிலக் கிழவியும் ஒரு வைத்தியரும்

அச்சிக்கலை எதிர்கொண்ட ஒருவரின் கதை உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் தொழில் செய்த வில்லியம் விதரிங் என்பவரிடம் 1775 இல், நீர்வீக்கத்துக்கான ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது. ஷ்ரொப்ஷயர் பகுதியைச் சேர்ந்த கிழவி ஒருத்தி அதனை இரகசியமாக வைத்திருந்தாள். படித்த வைத்தியர்கள் கைவிட்டவர்களில் சிலர் அவளால் குணமடைந்தனர். அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்திருந்தன. தாவரவியல் கற்றவரான விதரிங், அவற்றுள் வேலை செய்வது ஃபொக்ஸ்குளொவ் என்னும் டிஜிட்டாலிஸ் செடியே என்று கண்டுகொண்டார்.

அதன்பின் அவர் செய்ததே முக்கியமானது. பத்து ஆண்டுகள் அந்த இலையைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என எழுதிவைத்தார். எந்தப் பருவத்தில் இலை பறிப்பது, எவ்வளவு கொடுப்பது, எந்தக் குறி தென்பட்டால் உடனே நிறுத்துவது என்று வரையறுத்தார். 1785 இல் வெளிவந்த அவருடைய நூலில், குணமடைந்தவர்கள் மாத்திரமல்ல, குணமடையாதவர்களும் இறந்தவர்களும் இடம்பெற்றனர். பரியாரியார் குறிப்பிட்ட அந்தத் திரும்பி வராதவர்களையும் கணக்கில் சேர்த்தவர் விதரிங். டிஜிட்டாலிஸ் மருந்தானது அதனால்தான்.

பத்திரிகையாளன் என்ற முறையில் இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அந்தக் கிழவியின் பெயர் "மதர் ஹட்டன்" எனப் பல இடங்களில் எழுதப்படுகிறது. விதரிங் அப்பெயரைக் கூறவே இல்லை. 1928 இல் அமெரிக்க மருந்துக் கம்பனி ஒன்றின் விளம்பரத்தில் பிறந்த பெயர் அது என்பதைப் பிற்காலத்தில் மருத்துவ வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டினர். மூலிகை பற்றிய கதைகள் எவ்வளவு எளிதில் அலங்கரிக்கப்படுகின்றன என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

1930 இல் அச்செடியின் இன்னோர் இனத்திலிருந்து டிஜொக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. எனினும் அது உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்க 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 6,800 நோயாளிகளை உள்ளடக்கி நடந்த ஆய்வு, டிஜொக்சின் இறப்பைக் குறைக்கவில்லை, ஆனால் நோய் முற்றி வைத்தியசாலையில் சேரும் நிலையைக் குறைக்கிறது என்று காட்டியது. அதே குடும்பத்து டிஜிற்றொக்சின் குறித்து 2025 இல் ஜேர்மனியை மையமாகக் கொண்டு வெளியான ஆய்வு, இறப்பையும் வைத்தியசாலை அனுமதியையும் ஒருங்கே கணக்கிட்டபோது நன்மை இருப்பதாகக் கண்டது. இருநூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னரும் ஓர் இலையைப் பற்றிய கேள்வி முடிந்தபாடில்லை.

நமது வேலியோரத்து நஞ்சு

விதரிங்கின் செடி நமது மண்ணில் இல்லை. ஆனால் அதே வகை இரசாயனத்தைக் கொண்ட மரம் நமது வேலிகளில் நிற்கிறது: மஞ்சள் அலரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இங்கே பூசைக்குப் பூக் கொடுக்கும் மரமாகிவிட்டது. இதன் விதையிலுள்ள பெருவோசைட் என்னும் பொருளை இதயச் செயலிழப்புக்கு மருந்தாக்கும் முயற்சிகள் கடந்த நூற்றாண்டில் இந்தியாவிலும் ஜேர்மனியிலும் நடைபெற்றன. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது என்பதால் அது நிலைக்கவில்லை.

ஈழத்துக்கு அலரி தந்தது துயரத்தையே. 1980 இல் யாழ்ப்பாணத்தில் இரு பெண்களின் மரணம் பெரிதாகப் பேசப்பட்டதன் பின்னர், அலரி நஞ்சுண்டு வைத்தியசாலைகளுக்கு வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி, பின்னர் பிற மாகாணங்களுக்கும் பரவியது. அக்காலத்தில் நாம் செய்தி எழுதிய முறைக்கும் இதில் பங்குண்டு என்பதை என் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஒரு மரணத்தை எப்படி எழுதக்கூடாது என்பதை நாம் பிந்தியே கற்றோம். அத்துயரிலிருந்து மருத்துவம் ஒன்றைக் கற்றது. டிஜொக்சினுக்கு எதிராக உருவாக்கப்பட்ட முறிமருந்து அலரி நஞ்சையும் முறிக்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று நிரூபித்து, 2000 ஆம் ஆண்டில் லான்செற் இதழில் வெளியானது. மூலிகையாயின் தீங்கில்லை என்று சொல்வோருக்கு அலரியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

மருது தேர்வு எழுதியபோது

இனி மாமாவின் பட்டைக்கு வருவோம். மருது நவீன ஆய்வுக்கு உட்படாத மரமன்று. 1995 இல் இந்தூர் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு அதிகம் பேசப்பட்டது. வழமையான மருந்துகளுக்கும் அடங்காத கடும் இதயச் செயலிழப்பு உடைய 12 பேருக்கு, அம்மருந்துகளோடு சேர்த்து மருதம்பட்டைச் சாற்றைக் கொடுத்தனர். இரு வாரம் சாறு, இரு வாரம் வெறும் மாத்திரை. எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. சாறு உண்ட காலத்தில் மூச்சு முட்டும் வீக்கமும் குறைந்தன, இதயத்தின் இறைப்பும் மேம்பட்டது என்பது முடிவு. நல்ல செய்திதான். ஆயினும் பன்னிரண்டே பேர்.

அடுத்த குறிப்பிடத்தக்க ஆய்வு வெளிவர இருபத்தொரு ஆண்டுகள் சென்றன. 2016 இல் வெளியான புதுதில்லி ஆய்வில் 100 நோயாளிகள் பங்குபற்றினர். பன்னிரண்டு வாரம், நவீன மருந்துகளோடு சேர்த்து, பாதிப் பேருக்குப் பட்டைச்சாறும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் வழங்கப்பட்டன. இதயத்தின் இறைப்புத் திறனில் இரு பகுதியினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. நோயாளியின் உடல் இயலுமையிலும் வாழ்க்கைத் தரத்திலும் சில நன்மைகள் தென்பட்டன. மருது மாத்திரைக்கு மாற்றாகும் என்று இரண்டு ஆய்வுகளுமே சொல்லவில்லை. இரண்டிலும் பட்டை மாத்திரையோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது.

ஐரோப்பியரின் ஹோதோர்ன் என்னும் முட்செடிக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்த அது, 2008 இல் 2,681 பேரைக் கொண்டு வெளியான பேராய்வில் முதன்மை இலக்கை எட்டவில்லை. சிறிய ஆய்வில் பெரிதாகத் தெரிவது பெரிய ஆய்வில் சிறுத்துவிடுவது மூலிகைக்கு மாத்திரம் உரிய விதியன்று. கம்பனி மருந்துகள் பலவற்றுக்கும் இதுவே கதி.

ஆயினும் ஒரு மரப்பட்டை இத்தேர்வில் தேறியிருக்கிறது. 1835 இல் ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளொரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தனர். காய்ச்சலுக்கு உதவுமா என்று பார்த்தார்கள். 1886 இல் ஜேர்மனியின் வொன் மெரிங், அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது என்று கண்டார். நூறாண்டுக்கும் மேலாகக் கிடந்த அந்த அறிவைப் பின்பற்றியே டப்பாகிளிஃபுளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் உருவாயின. 2019 இல் 4,744 பேரைக் கொண்ட ஆய்வு, நீரிழிவு இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளியையும் அம்மாத்திரை காக்கிறது என்று காட்டியது. நோய் முற்றுவதும் இதய நோயால் இறப்பதும் சேர்ந்து ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்தன. இன்று உலகெங்கும் இந்நோய்க்கான அடிப்படை மருந்துகளுள் அவ்வகை மாத்திரையும் ஒன்று.

ஆகவே, பட்டை என்பதற்காக இகழ்வதற்கும் இடமில்லை, பட்டை என்பதற்காகவே போற்றுவதற்கும் இடமில்லை. அப்பிள் பட்டைக்குக் கிடைத்த நூற்றெண்பது ஆண்டு உழைப்பு மருதம்பட்டைக்குக் கிடைக்கவில்லை என்பதே எனது ஆதங்கம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். மேலை அறிவு தமிழுக்கு வந்த பாதை அவ்வாறு திறந்தது. நமது பரியாரியார்களின் அறிவு சோதனைக்குப் போகும் மறுபாதை திறக்கப்படவே இல்லை. 1961 இன் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்துக்கு அரச அங்கீகாரத்தை உறுதிசெய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இன்று சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. பயின்றவர்கள் இருக்கிறார்கள், மரமும் இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள். பதிந்துவைக்கும் வழக்கம்தான் வேரூன்ற வேண்டும்.

இனிப்பு வேரின் குற்றம்

மாமாவின் கதைக்குத் திரும்புகிறேன். வைத்தியசாலையில் நீர் பிரியும் மருந்து கொடுத்ததும் வீக்கம் வடிந்தது. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து படுவான்கரை மக்கள் மீளக் குடியேறியபோது அவரும் உன்னிச்சைக்குத் திரும்பினார். மாத்திரையும் குடித்தார், பட்டையும் குடித்தார். முன்னொரு காலத்தில் வேறோரிடத்தில் பட்டையைப் பற்றிச் சொல்லப்போய் ஏச்சு வாங்கியவர் ஆதலால், கிளினிக்கில் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஓராண்டு கழித்து மீண்டும் கால் வீங்கத் தொடங்கியது. மாத்திரையை ஒழுங்காகக் குடித்தும் வீக்கம் ஏறியது. இரத்த அழுத்தமும் கூடியது. இம்முறை நானும் உடன் சென்றேன். இளம் வைத்தியர் ஒருவர் இருந்தார். மாமா வழமைபோல் பேசாமல் இருக்க, நான் பட்டையைப் பற்றிச் சொன்னேன். ஏச்சை எதிர்பார்த்துத் தலை குனிந்திருந்தார் மாமா. அந்த வைத்தியரோ பேனாவை எடுத்தார்.

"வேறென்ன குடிக்கிறீங்க ஐயா? எல்லாத்தையும் சொல்லுங்க. ஏச மாட்டன்."

ஒவ்வொன்றாக வெளிவந்தது. காலையில் பட்டைக் குடிநீர். இடையிடையே மூக்கிரட்டை. கடைசியில் ஒன்று: சில மாதங்களாக இருமலுக்கென்று அதிமதுரம் போட்டு அவித்த நீர், நாள்தோறும் இரண்டு வேளை. சரக்குக் கடையில் அவரே வாங்கியது. பரியாரியார் கொடுத்ததன்று.

வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். அதிமதுரத்தில் உள்ள சத்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், அழுத்தத்தைக் கூட்டும். 1940 களில் நெதர்லாந்து வைத்தியர் றெவேர்ஸ் குடற்புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்தபோது நோயாளிகள் சிலருக்கு வீக்கமும் மூச்சுத் திணறலும் வந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் நான் வாசித்தறிந்தேன். சில நாட்கள் தொண்டைக்குக் குடிப்பது வேறு, தளர்ந்த இதயம் உள்ளவர் மாதக்கணக்கில் குடிப்பது வேறு. டிஜொக்சின் உண்பவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அம்மருந்தே நஞ்சாகும் அபாயமும் உண்டு. மூக்கிரட்டை பற்றியும் அவர் எச்சரித்தார். அதில் பொட்டாசிய உப்பு உண்டு. பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரைகளை இதய நோயாளிக்குக் கொடுப்பதும் வழக்கம். இரண்டும் கூடினால் இதயத் துடிப்பே குழம்பலாம். ஒன்று குறைக்கும், மற்றது கூட்டும். எது எவ்வளவு என்று இரத்தத்தைப் பரிசோதிக்காமல் அறிய முடியாது.

அதிமதுரம் நின்றது. மாத்திரையின் அளவும் சரிசெய்யப்பட்டது. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. மருதம்பட்டையை என்ன செய்வது என்று மாமி கேட்டதற்கு வைத்தியர் சொன்ன மறுமொழி நேர்மையானது: "அது உதவி செய்யுது எண்டும் என்னால உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா நீங்க குடிக்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். மாத்திரையை மட்டும் விட்டிடாதீங்க." அவர் மாமாவின் கிளினிக் கொப்பியில், மாத்திரைகளின் பட்டியலுக்குக் கீழே, மருதம்பட்டைக் குடிநீர் என்பதையும் எழுதினார்.

மாமா அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்தார். மாத்திரை காத்ததா, பட்டையும் கைகொடுத்ததா, அதிமதுரத்தை நிறுத்தியதுதான் காரணமா என்று ஒருவரைக் கொண்டு சொல்ல முடியாது. அதனால்தான் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சோதிக்கிறார்கள் என்பதை நான் இப்போது விளங்கிக்கொள்கிறேன். பரியாரியாரின் கொப்பிகள் இடப்பெயர்வுகளில் எங்கோ தொலைந்துபோயின. அவர் மகன் வயல் செய்கிறார், வைத்தியம் பழகவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து பார்சலில் வரும் மருதம்பட்டைத் தூளும் நீர்முள்ளியும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீடுகளில் இருப்பதை நான் அறிவேன். உங்கள் பெற்றோர் அவற்றைக் குடிப்பதை அங்குள்ள வைத்தியருக்குச் சொல்லுங்கள். மொழி தெரியாது, வெட்கமாக இருக்கிறது, ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். திடீரென மூச்சு முட்டினாலோ, இரண்டு மூன்று நாளில் உடல் நிறை கூடிக் கால் வீங்கினாலோ, குடிநீர் அவிக்கக் காத்திருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக உன்னிச்சைக்குச் சென்றபோது மாமாவின் வீட்டில் அந்தக் கிளினிக் கொப்பியை மாமி இன்னமும் வைத்திருப்பதைக் கண்டேன். இம்முறை கூரையில் செருகி வைக்கவில்லை. சாமிப் படத்தட்டில், விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதன் ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஐந்து மாத்திரைகளின் பெயர்களும், அவற்றின் கீழே தமிழில் மருதம்பட்டையும் இருந்தன. நமது பகுதியில் அந்தப் பட்டையைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதிவைத்ததாக நான் கண்ட ஒரே பதிவு அதுதான்.